தொட்டுப் பார்க்காமல் வாங்குபவருக்கு யார் பிணை? இணையக் குழுக்களும் சிறு வணிகமும்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வாரச்சந்தையில் புளி வாங்குகிறவர் முதலில் ஒரு சுளையைப் பிட்டு வாயில் போட்டுப் பார்ப்பார். நார் எவ்வளவு, கொட்டை சுத்தமாக எடுத்திருக்கிறதா, பழைய சரக்கா என்று கையும் நாக்கும் சொல்லிவிடும். சந்தேகம் தீராவிட்டால் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் "நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று ஒரு கேள்வி. இதே புளியை ஒருவர் போனில் படம் போட்டு விற்கும்போது பிட்டுப் பார்க்கச் சுளையும் இல்லை, பக்கத்தில் நிற்கும் அம்மாவும் இல்லை. படத்தில் எல்லாப் புளியும் நல்ல புளிதான்.

இணைய வணிகத்தில் முதல் சிக்கலே இதுதான். பொருளைத் தொட முடியாது, விற்கிறவர் யாரென்று தெரியாது, பணமோ பெரும்பாலும் முதலிலேயே போய்விடுகிறது. பெரிய நிறுவனங்கள் இதைக் காசு போட்டுச் சமாளிக்கின்றன. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள், டிவியில் தினமும் விளம்பரம் பாருங்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். காவேரிப்பட்டணத்தில் வீட்டில் நிப்பட் என்னும் தட்டை போன்ற பலகாரம் தட்டி விற்கும் ஒருவரால் அது முடியாது. நூறு ரூபாய் பாக்கெட் ஒன்று திரும்பி வந்தால் கொரியர் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். அவருக்காகப் பேச வேறு யாராவது வேண்டும். இணையக் குழுக்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

குழுவின் பேச்சு பிணையாக நிற்பது எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் வேர்விட்டது தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரிக்குள் இருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அடமானம் வைக்க நகையோ நிலமோ இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? தவறாமல் கூடுகிறார்கள், சேமிக்கிறார்கள், தங்களுக்குள் கடன் கொடுத்துத் திருப்பி வாங்குகிறார்கள், எல்லாம் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டும், "இவங்க கட்டிடுவாங்க" என்று மற்ற உறுப்பினர்கள் சொல்வதும் அடமானத்தின் இடத்தில் நின்றன. இணையத்தில் ஏற்கெனவே வாங்கிய பத்துப் பேரின் பேச்சு, பதினோராவது ஆளுக்கு அதே மாதிரி பிணை.

குழு எது, விளம்பரப் பலகை எது

வாட்ஸ்அப்பில் முந்நூறு பேரைச் சேர்த்து, காலையில் பூப்படம், மதியம் விலைப்பட்டியல், இரவில் "ஸ்டாக் கொஞ்சம்தான் இருக்கு" என்று போட்டுக்கொண்டிருந்தால் அது குழு ஆகிவிடாது. சுவரில் ஒட்டிய போஸ்டர், அவ்வளவுதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. விற்பவர் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருக்கட்டும். அப்போதும் உறுப்பினர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டும் பதில் சொல்லிக்கொண்டும் இருந்தால் அது குழு. சத்தமே இல்லையென்றால் அது வெறும் நம்பர் பட்டியல். பட்டியலும் உபயோகமானதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது யாருக்கும் பிணை நிற்காது.

இந்த வித்தியாசத்தை முதலில் காசாக்கியவர்களில் ஈபேயும் உண்டு. 1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத் தளம் அது. அங்கே முதலில் விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது! உடைந்ததையும் காசு கொடுத்து வாங்க எங்கோ ஓர் ஆள் இருக்கிறார் என்பது தெரிந்தது, ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பணமும் பொருளும் மாற்றிக்கொண்டால் தகராறு வராமல் இருக்குமா? ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் தானே உட்கார முடியாது என்று 1996-இல் ஒமிடியார் ஒரு வழி செய்தார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர், எல்லோர் கண்ணிலும் படும்படி, நல்லதோ கெட்டதோ எழுதலாம். அதே தளத்தின் கேள்வி பதில் பலகையில் ஜிம் கிரிஃபித் என்ற உறுப்பினர் புதிதாக வந்தவர்களின் சந்தேகங்களுக்குத் தானாகவே பதில் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நிறுவனமே அவரை வாடிக்கையாளர் உதவிக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டது. அப்படிச் சும்மா வந்து பதில் சொல்கிற ஒருவரைக் கண்டால் எந்தக் கடைக்காரரும் விடக்கூடாது.

ஒரு மாம்பழப் பெட்டி போகும் வழி

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழத்தை விட்டுவிட்டு வியாபாரம் பேச முடியாது. பர்கூர்ப் பக்கம் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோப்பில் பாதிக்கு மேல் பெங்களூரா ரக மாம்பழம், கொஞ்சம் அல்போன்சா, செந்தூரா, வரப்போரம் நாலைந்து மல்கோவா மரம். பெங்களூரா கூழ் ஆலைக்குப் போகும். வரத்து அதிகமான வாரத்தில் அதன் விலை என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற ரகங்களையாவது நேராகச் சாப்பிடுகிறவர்களுக்கே விற்கலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அந்தக் குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறது.

முதல் வருடம் சொந்தக்காரர் சொன்னதற்காக ஏழெட்டுப் பேர் வாங்குவார்கள். அந்த ஏழெட்டுப் பேர் குரூப்பில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டிய பழத்தின் படம் ஒன்று போதும். விவசாயி எடுத்த தோப்புப் படத்தைவிட, ஒரு வீட்டுச் சமையலறைத் தட்டில் இருக்கும் அந்தப் படம் கூடுதல் வேலை செய்யும். அது விற்பவர் எடுத்த படமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து கேள்விகள் வரும். "கல் வச்சுப் பழுக்க வச்சதா?" என்பது தவறாமல் வரும் கேள்வி. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைத்த பழத்தை விற்பதற்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை மட்டும் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. இதை விவசாயியே சொன்னால் 'அவர் அப்படித்தான் சொல்வார்' என்று நினைப்பார்கள். போன வருடம் வாங்கிய அக்கா ஒருவர் "காயாத்தான் வரும்ங்க, வைக்கோல் இல்லன்னா பேப்பர்ல சுத்தி வைங்க, நாலஞ்சு நாள்ல வாசனை வரும், அதுக்கு முன்னாடி வெட்டாதீங்க, புளிக்கும்" என்று எழுதினால் பேச்சே வேறு. இந்த ஒரு பதில் எத்தனை புகாரைத் தடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாம்பழம் நேராக விற்பதில் பெரிய தலைவலி, பழுக்கும் முன்னே வெட்டிவிட்டு "பழம் சரியில்லை" என்பதுதான். பெரிய கம்பெனி இதற்கு ஒரு கால் சென்டர் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது லாபம் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் என் கணக்கில் அதுதான் பெரியது. காய் பறிக்கும் முன்பே எத்தனை பெட்டி வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. குரூப்பில் பெயர் எழுதச் சொன்னால் முப்பது பெட்டி என்று வந்து நிற்கும். முப்பது பெட்டிக்குத் தேவையானதை மட்டும் பறிக்கலாம், மீதி மரத்தில் இருக்கட்டும். ஒரே வாசலில் ஒரே வண்டியில் இறக்கலாம், காவலாளி அறையில் வைத்துவிட்டால் அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனிக் கொரியரில் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கெட்டுப்போகும் சரக்குக்கு இந்த முன்கூட்டிய ஆர்டர் பெரிய பாதுகாப்பு. கேரட்டும் தக்காளியும் விற்பவர்களுக்கும் இதே கணக்குதான். விலை விழுந்த வாரத்தில் பாலக்கோடு தக்காளிச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்புறம் யோசனைகள். "ஐந்து கிலோ எங்களுக்கு அதிகம், ரெண்டு பேர்தான் இருக்கோம், மூணு கிலோ பெட்டி போடுங்க" என்பார் ஒருவர். "ஊறுகாய்க்குக் காயாவே பத்து கிலோ கிடைக்குமா?" என்பார் இன்னொருவர். சந்தை ஆய்வு என்று பெரிய பெயர் வைத்து நிறுவனங்கள் செய்வது இதுதான். சீனாவின் சியோமி நிறுவனம் 2010-இல் போன் தயாரிக்கும் முன்னமே, போனை இயக்கும் தன் மென்பொருளை முதலில் 100 பேரிடம் கொடுத்துக் குறை கேட்டது. அவர்கள் சொன்னதை வைத்து அதை மாற்றிக்கொண்டே போனது. அடுத்த வருடம் முதல் போன் வந்தபோது, வாங்க ஒரு கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. நம்ம விவசாயிக்கு நூறு பேர்கூட வேண்டாம், மனம்விட்டுக் குறை சொல்லும் பத்துப் பேர் போதும்.

குறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் யாராவது காம்புப் பக்கம் கறுத்து அழுகிய பழத்தின் படத்தை குரூப்பில் போடுவார்கள். நிச்சயம் நடக்கும். அட்மினிடம் சொல்லி அதை அழிக்க வைப்பது, "தனியா மெசேஜ் பண்ணுங்க" என்று மழுப்புவது, போட்டவரோடு சண்டைக்குப் போவது, இந்த மூன்றில் எதைச் செய்தாலும் சேர்த்து வைத்த பெயர் அன்றைக்கே போய்விடும். "எத்தனை பழம் அக்கா அப்படி இருக்கு? சனிக்கிழமை வண்டியில் மாற்றிக் கொடுக்கிறேன்" என்று எல்லோரும் பார்க்க எழுதினால், நாலு பழத்தின் விலையில் நூறு பேரின் நம்பிக்கை கிடைக்கும். நல்ல விமரிசனத்தைவிட, குறையை விற்பவர் எப்படித் தீர்த்தார் என்பதைத்தான் புதியவர்கள் கூர்ந்து படிக்கிறார்கள்.

கடை பெயரில் குழு தொடங்குவதைவிடப் பொருளின் பெயரில் தொடங்குவது நல்லது என்று நான் நினைக்கிறேன். ஓசூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் தன் பண்ணையின் பெயரில் ஒரு குரூப் ஆரம்பித்தால் யாருக்கும் பேச ஒன்றும் இருக்காது. மாடித்தோட்டக் குழு என்று ஆரம்பித்தால் கத்தரியில் மாவுப்பூச்சி, ரோஜாவில் இலைப்புள்ளி, மண்கலவை விகிதம், மிச்சமான விதையைப் பகிர்வது என்று பேச்சு ஓயாது. பண்ணைக்காரர் அதில் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு ஓர் உறுப்பினராக இருந்தால் போதும். ரோஜாச் செடி வாங்க வேண்டிய நாளில் யாரிடம் போவார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? இதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதமே விற்பனை எண்ணிக்கையைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

விற்பவர்களுக்குள்ளும் ஒரு குழு

இதுவரை சொன்னது வாங்குபவர்களின் குழு. விற்பவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் குழுக்களும் இருக்கின்றன. புதிதாக இறங்குகிறவர் முதலில் சேர வேண்டியது இதில்தான். நிப்பட் உடையாமல் மதுரை வரை போக எப்படிக் கட்டுவது, எந்தக் கொரியர் மலைக் கிராமம் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறது, மழைக்காலத்தில் ராகி மாவு பார்சலில் ஈரம் ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் முழுதாகக் கிடைக்காது. ஏற்கெனவே நஷ்டப்பட்ட ஒருவர்தான் சொல்ல முடியும்.

பர்கூர் ஜவுளிக் கடைகளைச் சுற்றி நடப்பது இன்னொரு வகை. மொத்தக் கடைக்காரர் புதுச் சேலைகளின் படங்களை ஒரு குரூப்பில் போடுவார். அதில் இருக்கும் பெண்கள் அந்தப் படங்களைத் தங்கள் ஸ்டேட்டஸிலும் சொந்தக்காரர் குரூப்பிலும் போட்டு, விலையில் கொஞ்சம் சேர்த்து ஆர்டர் பிடிப்பார்கள். ரீசெல்லர் என்று இவர்களைச் சொல்கிறார்கள். சரக்கு வாங்கி வைக்க முதல் வேண்டாம், கடை வேண்டாம், ஆனால் அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டுக்காரரும் நம்பும் ஒரு முகம் வேண்டும். 2015-இல் பெங்களூருவில் தொடங்கிய மீஷோ நிறுவனம் ஆரம்பத்தில் வளர்ந்ததே இந்த ரீசெல்லர்களை வைத்துத்தான். ஆனால் சேலை சாயம் போனால் திட்டு வாங்குவது மொத்தக் கடைக்காரர் இல்லை, இந்தப் பெண்கள்தான். அதனால் சரக்கு மாற்றிக் கொடுக்கும் விஷயத்தில் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதை முதல் ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

விற்பனையாளர் குழுக்களில் இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். ஒன்று வரி பற்றிய வதந்திகள். பெரிய இணையச் சந்தைகளில் விற்க ஜிஎஸ்டி கட்டாயம், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தப்ப முடியாது என்று இன்னும் பல குரூப்புகளில் ஃபார்வர்டு சுற்றுகிறது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள், விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால், முழுப் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று இணையச் சந்தைகளில் விற்கலாம். பெங்களூருவுக்கு அனுப்பினால் அது வேறு மாநிலம், கணக்கும் வேறு. ஓசூர்க்காரர்களுக்கு இது முக்கியம். குரூப்பில் கேளுங்கள், ஆனால் முடிவை ஆடிட்டரிடம் கேட்டு எடுங்கள். இரண்டாவது, பார்சலை வாங்காமல் திருப்பிவிட்ட வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பரைப் பட்டியல் போட்டுச் சுற்றவிடும் பழக்கம். கோபம் புரிகிறது. ஆனாலும் பொருள் அனுப்பக் கொடுத்த முகவரியை ஊருக்கெல்லாம் காட்டுவது நம்பிக்கைத் துரோகம்தான். அதில் பெண்களின் நம்பரும் இருக்கும்.

பிணை போலியானால்

பத்துப் பேரின் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பத்துப் பேரைக் காசுக்கு வாங்கும் தொழிலும் வந்துவிட்டது. ஒரே மாதிரி வார்த்தைகளில் ஐந்து நட்சத்திர விமரிசனங்கள், நேற்றுத் தொடங்கிய கணக்குகள், பெயருக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லாத முகங்கள். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரே வாங்கியவர் போல வேடமிட்டு விமரிசனம் எழுதுவதைத் தடை செய்கின்றன. 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமரிசனங்களைச் சேகரித்து வெளியிடுவதற்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையில், கொண்டுவந்தது. சின்னக் குழுவுக்குச் சட்டம் வரை போக வேண்டியதில்லை. மாமாவையும் மச்சானையும் குரூப்பில் சேர்த்து "சூப்பர்ங்க" என்று எழுத வைத்தால், ஊர் ஆட்களுக்கு அது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பண மோசடி இதைவிட மோசம். குரூப்பில் சத்தமில்லாமல் சேரும் ஒருவர், விற்பவரின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்குத் தனியாக "அட்வான்ஸ் இந்த நம்பருக்குப் போடுங்க" என்று அனுப்புவார். பணம் எந்த நம்பருக்கு, எந்தப் பெயரில் போகும் என்பதை குரூப்பின் மேலேயே நிரந்தரமாக ஒட்டி வையுங்கள். வேறு நம்பரிலிருந்து கேட்டால் அது நாங்கள் இல்லை என்றும் எழுதிவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை அடிக்கத் தேவையே இல்லை என்பதையும் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், அது சைபர் குற்றத்துக்கான உதவி எண். பொருள் பற்றிய தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எதில் நடத்துவது

வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்கள் சேரும் குழுவில் பெண்கள் பலர் வாய் திறக்காமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிராட்காஸ்ட் பட்டியலில் இந்தப் பிரச்சினை இல்லை. 256 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம், ஒருவருக்கு இன்னொருவர் தெரியாது. ஆனால் உங்கள் நம்பரை யார் தங்கள் போனில் சேமித்திருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பேச்சும் நடக்காது. 2022 முதல் வந்த கம்யூனிட்டி வசதியில் பொது அறிவிப்பு ஒரு பக்கமும், பேசுகிற சின்னக் குழுக்கள் தனியாகவும் இருக்கும்; அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. ஐம்பது பேருக்குள் எல்லோரும் ஒருவழியாகத் தெரிந்தவர்கள் என்றால் சாதாரண குரூப்பே போதும். அதற்கு மேல் போனால் அறிவிப்பையும் பேச்சையும் பிரித்துவிடுவது நல்லது. மாடித்தோட்டம் மாதிரி, பழைய பதில்களைத் தேடி எடுக்க வேண்டிய விஷயங்களுக்கு ஃபேஸ்புக் குழு வசதி. வாட்ஸ்அப்பில் மூன்று மாதத்துக்கு முந்தைய பதிலைத் தேடுவது பெரும்பாடு.

விதிகள் நாலு வரியில் இருக்கட்டும். விற்பனைப் பதிவு எந்தக் கிழமையில், அரசியல் ஃபார்வர்டு கூடாது, அடுத்தவர் நம்பருக்கு அனுமதி இல்லாமல் பேசக்கூடாது, புகாரை இங்கேயே சொல்லலாம். அட்மின் ஒருவர் மட்டும் இருந்தால் அறுவடை நாளில் குரூப் அநாதை ஆகிவிடும். முன்பு சொன்னேனே, வைக்கோலில் வைக்கச் சொன்ன அக்கா, அவரைப் போல ஒருவரை இரண்டாவது அட்மின் ஆக்குங்கள். அவருக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் அவர் பேச்சின் எடை குறையும். பருவத்தின் முதல் பெட்டி அவர் வீட்டுக்குப் போகட்டும், அது எல்லோருக்கும் தெரியவும் தெரியட்டும்.

ஜூலை முடிந்து மாம்பழம் ஓய்ந்ததும் குரூப் தூங்கிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்போது தினமும் எதையாவது போட்டு எழுப்பப் பார்ப்பது வீண். தூங்கட்டும். மரம் கவாத்து செய்யும்போது ஒரு படம், பூ எடுத்ததும் ஒரு படம், பனியில் பூ கொட்டினால் அதையும் மறைக்காமல் ஒரு வரி. புளியோ சாமையோ ராகி மாவோ நல்லதாகக் கிடைத்தால் கேட்டுப் பார்க்கலாம். இதுவரை மாம்பழம் வாங்கியவர்கள் அதையும் வாங்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் கேட்பதற்குச் செலவும் இல்லை.

எல்லாப் பொருளுக்கும் குழு வேண்டும் என்றும் இல்லை. பிளாஸ்டிக் வாளி, சார்ஜர் கேபிள், துடைப்பம் பற்றி யாரும் கூடி உட்கார்ந்து பேசப் போவதில்லை. கூழ் ஆலைக்கு டன் கணக்கில் பெங்களூரா கொடுப்பவருக்கும் பெங்களூரு அடுக்குமாடி குரூப்பால் ஆவது ஒன்றுமில்லை. ருசி, ரகம், அளவு, பக்குவம், பராமரிப்பு என்று கேட்க ஏதாவது இருக்கிற பொருளுக்குத்தான் இந்த உழைப்பு. வாளி விற்கிறவர் சரியான விலையைப் போட்டு, நல்ல படம் நாலு எடுத்து, சொன்ன தேதியில் அனுப்பினால் போதும்.